செயலமர்வுச் செம்மல்களுக்கு ஒரு வாழ்த்துமடல்

வரலாறு, புவியியல், குடியுரிமைக் கல்வி என்னும் மூன்று பாடங்களையும் கற்பிக்கும் ஆசிரியர் கூட்டம் உய்யும் பொருட்டுச் செயலமர்வு கண்ட செம்மல்களே! நிதி ஒதுக்கிய நிறைகுடங்களே! ஒதுக்கிய நிதியின்மீது ஒரு துளி வெண்கட்டித் தூளும் படியாமல் ஆண்டு முழுவதும் காத்து நிற்கும் காவலர்களே!

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓர் அதிபர் இளைப்பாறினால் கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்துமடல் உண்டு. ஓர் அதிகாரி மாற்றலாகி வந்தால் உண்டு. மாற்றலாகிப் போனாலும் உண்டு. ஆயினும் யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் ஆகிய ஐந்து கல்வி வலயங்களிலும் சமூக விஞ்ஞான ஆசிரியர்கள்மேல் நீங்கள் பொழிந்துவரும் பெருங்கருணைக்கு இன்றுவரை எவரும் ஒரு மடல் வாசித்தளித்திலர். இந்தப் பழி இம்மண்ணை விட்டு நீங்க வேண்டும் என்று துணிந்தே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் செயலமர்வைப் புகழ்வேன். காலை எட்டரைக்கு ஆரம்பம் என்று அழைப்புக் கடிதம் சொல்லும். நேரந்தவறாமை ஆசிரியரின் அணிகலன். காத்திருக்கச் செய்தல் பெரியோரின் அணிகலன். இவ்விரு அணிகலன்களும் ஒரே மண்டபத்தில் ஒருங்கே ஒளிவிடும் காட்சியை உங்கள் செயலமர்வில் அன்றி வேறெங்கே காண முடியும்? நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட ஆசிரியை விடியற்காலைப் படகேறி, குறிகாட்டுவான் இறங்குதுறையில் இறங்கி, பஸ்ஸில் நின்றபடி வந்து, உப்புக்காற்றில் நனைந்த சேலை காயுமுன் தம் இடத்தில் அமர்ந்துவிடுவார். பிரதம விருந்தினரோ பத்தரைக்கு எழுந்தருள்வார். இடைப்பட்ட பொழுது வீணாயிற்று என்று சிறுமதியாளர் முணுமுணுப்பர். வீணன்று; அதுவே அன்றைய முதற் பாடம். காலம் யாருக்குச் சொந்தம், அதை யார் யாருக்காகச் செலவிடக் கடமைப்பட்டவர் என்பதை வரலாற்று ஆசிரியர் ஒருவருக்கு இத்துணைத் தெளிவாக உணர்த்தும் நூல் இன்னும் எழுதப்படவில்லை.

விருந்தினரை எதிர்கொள்ளப் பாடசாலைப் பிள்ளைகள் வாசலிலிருந்து மண்டபம் வரை வெயிலில் இரு வரிசையாக நிறுத்தப்பட்டிருப்பர். பாண்ட் வாத்தியம் முழங்கும். அப்பிள்ளைகளுக்கு அந்நேரம் குடியுரிமைக் கல்விப் பாடவேளை என்று யாரேனும் கவலைப்பட்டால் அவர் பாடத்தின் உட்பொருள் அறியாதவர். குடிமக்கள் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்போது கைதட்ட வேண்டும் என்பதைச் செயன்முறையாகவே கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு?

அதன்பின் மங்கள விளக்கு. எந்தத் திரியை எவர் ஏற்றுவது என்பதில் பதவிநிலை வரிசை இம்மியும் பிசகாது. பொன்னாடைகளின் அகலத்திலும் அதே நுண்மை. வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை, பிரதம விருந்தினர் உரை என ஐந்து உரைகள். ஐந்திலும் வரலாற்றை மறந்த இனம் வாழாது என்ற ஒரே திருவாக்கு. அதே வாக்கை முன்பின் மாற்றாமல் ஐவர் ஐந்து முறை மலர்ந்தருளும்போது, மேடையின் ஒற்றுமையைக் கண்டு என் கண்கள் பனிக்கின்றன. விருந்தினருக்கு வேறு அலுவல் காத்திருப்பதால், உரை முடிந்ததும் அவர் விடைபெறுவார்; வழியனுப்ப அதிகாரிகளில் பாதிப்பேர் உடன் எழுவர். எஞ்சிய பொழுதில் வளவாளர் பேசலாம். கொழும்பிலிருந்து இரவுப் பஸ் ஏறிவந்த அந்த வளவாளர், நாள் முழுவதற்கும் ஆயத்தம் செய்து கொண்டுவந்ததை மதியச் சாப்பாட்டுப் பார்சலுக்கு முன் முடித்துத் தர வேண்டும் என்று கேட்கப்படுவார். சொற்சுருக்கம் என்னும் அரிய கலையை அறிஞருக்கே கற்பிக்கும் ஆற்றல் உங்களுக்கு உண்டு.

குழுச் செயற்பாட்டை வியக்காமல் இந்த மடல் நிறைவுபெறாது. ஐந்து குழுக்கள், ஐந்து டிமைத் தாள்கள், ஐந்து மாக்கர் பேனைகள். சமூக விஞ்ஞானப் பாடங்களைக் கற்பிப்பதில் எதிர்நோக்கும் சவால்களை எழுதுக என்று பணிப்பீர்கள். ஆசிரியர்களும் எழுதுவர்: சுவர் வரைபடம் கிழிந்துவிட்டது, பூகோள உருண்டை இல்லை, களப்பயணத்துக்குப் பணம் இல்லை, பாடநூல் சிங்களத்தில் எழுதப்பட்டுத் தமிழுக்குப் பெயர்க்கப்பட்டதால் வாக்கியங்கள் பிள்ளைக்கு விளங்குவதில்லை, யாழ்ப்பாண இராச்சியத்தைப் பற்றிப் படிக்க வேறு நூல் இல்லை. குழுத் தலைவர்கள் ஒவ்வொருவராக முன்வந்து வாசிப்பர். நீங்கள் தலையசைத்துக் கேட்பீர்கள். தாள்கள் சுவரில் ஒட்டப்பட்டு, படம் பிடிக்கப்பட்டு, கழற்றிச் சுருட்டப்பட்டு, அலுமாரியின் மேல்தட்டில் சென்ற ஆண்டுத் தாள்களின் பக்கத்தில் துயில் கொள்ளும். சென்ற ஆண்டும் அதே சவால்கள்தாம். அதற்கு முந்திய ஆண்டும் அவையே. ஆசிரியர் மனக்குரலை இத்துணை ஆண்டுகள் ஓர் எழுத்தும் மாறாமல் பேணிக் காத்தவர் யார்? ஒன்றுக்கேனும் பரிகாரம் கண்டு அந்தப் பட்டியலின் முழுமையைக் குலைத்துவிடாத உங்கள் அடக்கத்தை எந்தச் சொல்லால் போற்றுவேன்!

இனி நிதி. தர உள்ளீட்டு நிதி என்னும் திருநாமத்தோடு அரசு பாடசாலைகளுக்கு வழங்கும் பணத்தின் அருமை பெருமைகளை உலகம் அறியாது. பிள்ளைகளின் தொகையைக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. பெரிய பாடசாலைக்குப் பெரிய தொகை. எழுவைதீவிலோ அனலைதீவிலோ விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளைக் கொண்ட பாடசாலைக்கு அதற்கேற்பச் சிறிய தொகை. என்னே உங்கள் நீதி! பிள்ளை குறைந்தால் இலங்கைப் படத்தின் விலையும் கடைக்காரன் மனத்தில் தானாகவே குறைந்துவிடும் என்று நம்பும் வெள்ளை உள்ளம் வேறு யாருக்கு வாய்க்கும்?

அந்தத் தொகையைத் தொடுவதற்கு முன் தேவைப்பட்டியல், கொள்வனவுக் குழு, மூன்று விலைமனுக்கள், கூட்ட அறிக்கை, அனுமதி, இருப்புப் பதிவேடு என்று நீங்கள் அமைத்த பிரகாரங்கள் பல. கோபுர வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பவர்போல் ஆசிரியர் தம் ஆவலைக் கழற்றி வைத்துவிட்டே உட்புக வேண்டும். பணம் பல ஆண்டுகளில் ஆண்டுக் கடைசியிலேதான் பாடசாலையை வந்தடைகிறது. டிசெம்பர் 31ஆம் திகதிக்குள் முடிக்காவிட்டால் திறைசேரிக்குத் திரும்பிவிடும். எனவே மார்கழி மழையோடு மழையாக, கடையில் அன்று எது இருக்கிறதோ அதுவே கற்றல் உபகரணமாகிறது. பிறிஸ்டல் மட்டை இருக்கிறது, ஆகவே பிறிஸ்டல் மட்டை. வரலாற்றுக்கு வேண்டியது எது என்று ஆசிரியர் மூளையைக் கசக்கும் தொல்லையிலிருந்து அவரை விடுவித்த பெருமை உங்கள் நாட்காட்டிக்கே உரியது.

கந்தரோடை விடயத்தில் நீங்கள் காட்டும் அக்கறை என் நெஞ்சை உருக்குகிறது. சுன்னாகத்துக்கு அயலிலே வயல்களுக்கும் பனைகளுக்கும் நடுவே கிடக்கிறது அந்தத் தொல்லிடம். 1917 அளவில் வரலாற்றறிஞர் போல் ஈ. பீரிஸ் அதை உலகறியச் செய்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவினர் அங்கே அகழ்ந்து, பெருங்கற்காலப் பண்பாட்டு மட்பாண்டங்களைக் கண்டனர். வலிகாமத்துப் பாடசாலை ஒன்றின் வரலாற்று ஆசிரியர் தம் பிள்ளைகளை அங்கே ஒருநாள் அழைத்துப்போக விழைந்தால், அதிபரின் சிபாரிசு, வலயத்தின் அனுமதி, பெற்றோரின் சம்மதக் கடிதங்கள், பஸ்ஸின் பத்திரங்கள், ஆண் ஆசிரியர் இத்தனை, பெண் ஆசிரியர் இத்தனை என்ற விபரம், கற்றல் பேறு என்ன என்ற விளக்கம் யாவும் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்த கோப்பு திரும்பி வருமுன் தவணைப் பரீட்சை வந்துவிடும். பஸ் வாடகைக்கு எந்தத் தலைப்பின் கீழும் பணம் இல்லை. பிள்ளைகளின் பாதுகாப்பில் நீங்கள் வைத்த கண், அவர்களை ஒருபோதும் வகுப்பறைக்கு வெளியே விட்டதில்லை. அமெரிக்காவிலிருந்து கந்தரோடைக்கு வருவது அயலூர்ப் பிள்ளை அங்கே போவதைவிட இலகுவான காரியம் என்று அமைத்துவைத்த உங்கள் நிர்வாகத்தை, அகழ்ந்தெடுத்து அருங்காட்சியகத்தில் வைக்கும் காலம் வர வேண்டும்.

ஆனைக்கோட்டையும் அப்படியே. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கே பெருங்கற்கால ஈமப் புதைகுழி ஒன்றை அகழ்ந்தபோது எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. இலங்கைத் தமிழர் தொல்வரலாற்றைப் பற்றிப் பேசும் எவரும் தவறவிடாத முத்திரை அது. நகரிலிருந்து அரைமணிநேரச் சைக்கிள் ஓட்டம். அதை அறியாத பிள்ளை ஆனைக்கோட்டையில் நல்லெண்ணெய் வாங்குவதற்கு மட்டும் போகிறது. அப்படியே போகட்டும்; தொல்லியல் பிள்ளையின் மனத்தைக் குழப்பும்.

நல்லூரின் மந்திரிமனையும் யமுனா ஏரியும் யாழ்ப்பாணக் கோட்டையும் பஸ் வாடகைகூட வேண்டாத தொலைவில் உள்ளவை. இவற்றை எந்தப் பெட்டகத்திலும் பூட்டாமல் திறந்த வெளியில் வைத்தும் பிள்ளைகளின் கண்ணில் படாமல் காக்க முடிகிறதே, அது கைதேர்ந்தவர்க்கே கூடும் வித்தை.

நன்கொடையாளர்களையும் மறவேன். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் குளிரில் இரட்டை வேலை செய்த பணத்தைப் பழைய மாணவர்கள் தாய்ப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள். அந்த அன்பில் குறையில்லை. அதை எப்படிச் செலவிடுவது என்று ஆலோசனை கூறுவோரின் ஞானமே என்னை மெய்சிலிர்க்க வைக்கிறது. வரலாற்று ஆசிரியர் கேட்டது ஐம்பது பழைய நூல்களும் நான்கு வரைபடங்களும். கிடைத்ததோ ஸ்மார்ட் போர்ட். திறப்பு விழாவில் நாடா வெட்டப்பட்டது, படம் பத்திரிகையில் வந்தது, அறை பூட்டப்பட்டது, திறப்பு அதிபரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிள்ளைகள் தொட்டுப் பழுதாக்கிவிடக் கூடாதல்லவா? மெத்தென்ற துணி போர்த்தி, நெற்றியில் சந்தனப் பொட்டு அழியாமல் அது வீற்றிருக்கும் கோலத்தைக் கண்டபோது, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து வியந்து நின்ற ஔவையார் நினைவுக்கு வந்தார். அவர் கண்ட அழகை இன்று நானும் கண்டேன்.

எந்தப் பாடத்துக்கு முதலிடம் என்பதில் உங்கள் தெளிவு அபாரம். 2018இல் பொதுக்கல்வியை நவீனமயப்படுத்த உலக வங்கி 10 கோடி அமெரிக்க டொலர் கடன் வழங்கியபோது, ஆங்கிலமும் கணிதமும் மூலோபாயப் பாடங்கள் என்ற சிறப்பிடம் பெற்றன. அதற்கு முன்பு மகிந்தோதயம் என்ற பெயரில் நாடெங்கும் 1,000 இடைநிலைப் பாடசாலைகளுக்குத் தொழில்நுட்ப ஆய்வுகூடங்கள் கட்டப்பட்டன. கணினிக்கு இடம், கணிதத்துக்கு இடம், மொழிக்கு இடம். வரலாற்றுக்கு ஓர் அறை என்ற எண்ணம் எவருக்கும் எழாதது தற்செயல் அன்று. க.பொ.த. சாதாரண தரத்தில் கட்டாயப் பாடமாகிய வரலாற்றுக்கு வேறொன்றும் தேவையில்லை என்பதற்கு அதன் கட்டாயமே சான்று. நேரசூசி வகுக்கும்போதும் இந்தத் தத்துவமே வழிநடத்துகிறது. விஞ்ஞானத்துக்கு விஞ்ஞானம் படித்தவர் வேண்டும். வரலாற்றுக்கோ, அந்தப் பாடவேளையில் சும்மா இருப்பவர் போதும். சங்கீத ஆசிரியர் ஒருவர் சோழர் படையெடுப்பை நடத்துவதைக் காணும்போதுதான் நம் கல்வி முறையின் பன்முக ஆற்றல் புலப்படுகிறது.

வரலாற்று ஆசிரியர் ஓரிடத்தில் தேங்கிவிடக் கூடாது என்பதிலும் நீங்கள் விழிப்பாயிருக்கிறீர்கள். 1972இல் வரலாற்றையும் புவியியலையும் ஒன்றாக்கிச் சமூகக் கல்வி என்றார்கள். பின்னர் சமூகக் கல்வியும் வரலாறும் என்றார்கள். 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தபோது வரலாறு தனியாகிக் கட்டாயப் பாடமாயிற்று. கூடவே 5ஈ என்ற கற்பித்தல் முறை வந்தது. 2025 யூலையில் புதிய சீர்திருத்த யோசனைகள் வெளியாகி, வரலாறு கட்டாயமா விருப்பமா என்று நாடே வாதாடியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒருநாள் செயலமர்வு. ஒவ்வொரு செயலமர்வுக்கும் ஒரு சான்றிதழ். ஒரே பாடத்தை ஒரே கரும்பலகையில் நடத்தும் ஆசிரியர் இத்தனை சான்றிதழ்களோடு இளைப்பாறுவது உலக அதிசயங்களில் சேர்க்கத் தக்கது.

பிற நாட்டு ஆசிரியர்களை எண்ணும்போது எனக்கு இரக்கமே உண்டாகிறது. இங்கிலாந்தில் 1906 முதல் வரலாற்றுச் சங்கம் ஒன்று இயங்குகிறது. அமெரிக்காவில் 1921 முதல் சமூகக் கற்கைகளுக்கான தேசியப் பேரவை ஆண்டு மாநாடுகளை நடத்துகிறது. அங்கே மேடையேறுவோர் ஆசிரியர்கள். தம் வகுப்பில் செய்து பார்த்ததைத் தாமே எடுத்துரைக்க வேண்டும். வகுப்பறைக்கான சிறு மானியங்களை, தமக்கு என்ன தேவை என்று ஆசிரியர்கள் தாமே எழுதிக் கேட்டுப் பெறுகிறார்கள். எவ்வளவு சுமை! 1992இல் ஐரோப்பாவில் தோன்றிய வரலாற்று ஆசிரியர் கூட்டமைப்பு இன்னும் கொடியது. போர் ஓய்ந்த பொஸ்னியா, சேர்பியா, குரோசியா நாடுகளின் ஆசிரியர்களை ஒரே மேசையில் இருத்தி, ஒருவரையொருவர் கொன்ற காலத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று பேசவைத்தது, பாடம் எழுதவைத்தது. எங்கள் ஆசிரியருக்கு இத்தகைய இக்கட்டு ஏதும் நேராதபடி காப்பாற்றியிருக்கிறீர்கள். பருத்தித்துறை ஆசிரியரும் மாத்தறை ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து வரலாறு பேசும் ஆபத்து, உங்கள் ஆட்சியில் ஒருவருக்கும் நேர்வதில்லை.

எங்கள் முன்னோர்களும் பண்பற்றவர்களாகவே இருந்திருக்கிறார்கள். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்பித்த ஹண்டி பேரின்பநாயகமும் அவரைச் சூழ்ந்த இளைஞரும் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாக வளர்ந்தது. அரச நிதி இல்லை, சுற்றறிக்கை இல்லை. தாமே பணம் திரட்டினார்கள், தாமே மாநாடு கூட்டினார்கள், 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தார்கள், தீண்டாமையை எதிர்த்தார்கள், 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தார்கள். ஆசிரியர் மாநாட்டிலிருந்து கருத்து பிறக்கவும் கூடும் என்னும் அபாயத்தை அக்காலத்தில் தடுக்க உங்களைப் போன்றோர் இல்லாமற் போயினர். இன்று அந்தக் குறை இல்லை.

இத்தனைக்கும் மேலாக, குடாநாட்டின் ஆகப் பெரிய வகுப்பறை மானியத் திட்டத்தைக் கண்டுபிடித்த பெருமை உங்களைச் சாரும். ஆசிரியரின் சொந்தப் பையே அது. அதற்கு விண்ணப்பப் படிவம் இல்லை. விலைமனு இல்லை. டிசெம்பர் 31 இல்லை. போட்டோப் பிரதி, வரைபடம், வர்ணப் பேனை, கொரோனாக் காலத்தில் இணையத்துக்கான டேற்றா, காலை உணவின்றி வந்த பிள்ளைக்கு ஒரு பணிஸ் யாவும் அந்த நிதியத்திலிருந்தே வந்தன. 2021 யூலை 12 முதல் ஒக்ரோபர் 25 வரை நாடெங்கும் ஆசிரியர்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகிநின்று சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கேட்டபோது, அந்தப் பையின் ஆழத்தை அவர்களைவிட நன்கறிந்தவர்கள் நீங்கள் என்பதால் அமைதி காத்தீர்கள். அப்பை வற்றாது என்பதில் உங்களுக்கிருக்கும் நம்பிக்கையில் நூற்றில் ஒரு பங்கு அவர்கள் வீட்டாருக்கு இருந்தால் போதும்.

இன்னும் ஒன்று உண்டு. உங்கள் கீர்த்தியின் சிகரம் அதுவே. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சுப்பிரமணியம் பூங்கா வழியே போகும்போது வெள்ளைவெளேர் என்று நிற்கும் பொது நூலகத்தைப் பார்க்கிறார்கள். 1981 மே 31ஆம் திகதி இரவு அதற்கு வைக்கப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. வீட்டில் பாட்டி சொல்லிக் கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வரலாற்றுப் பாடவேளையில் எழுந்து நிற்கிறான்: "சேர், லைப்ரரிய ஆர் எரிச்சது? ஏன் எரிச்சவை?"

இந்தக் கேள்விக்கு ஆயத்தம் வேண்டும். அன்றைய பத்திரிகை நறுக்குகள் வேண்டும், கண்டவர்களின் வாக்குமூலங்களைப் பிள்ளைகள் எப்படிக் கேட்டுப் பதிவது என்ற பயிற்சி வேண்டும், சினமும் பகையும் மூளாமல் உண்மையைச் சொல்லும் மொழி வேண்டும், சொன்ன பிறகு தம் வேலைக்கு ஒன்றும் நேராது என்ற உறுதி வேண்டும், இதே இக்கட்டில் நின்ற வேறோர் ஆசிரியரோடு ஒரு பகல் உட்கார்ந்து பேசும் வாய்ப்பு வேண்டும். மானியம், மாநாடு என்னும் சொற்கள் உலகில் பிறந்ததே இந்த ஒரு பாடவேளைக்காகத்தான். நீங்களோ இவற்றில் எதையும் தந்து அந்த ஆசிரியரின் மனச்சமநிலையைக் குலைக்கவில்லை. இத்தனை ஆண்டு செயலமர்வுகளில் ஒன்றிலேனும் இப்படியொரு கேள்வி தலைகாட்ட விடவில்லை. ஆகவே அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பொலன்னறுவையின் நீர்ப்பாசனத்தைத் தொடர்கிறார். திரும்புமுன் பையனுக்கு ஒரு மறுமொழியும் சொல்கிறார்:

"இது சோதினைக்கு வராது, தம்பி. இரும்."

பையன் இருந்துவிட்டான். உங்கள் விளக்குகளும் பொன்னாடைகளும் டிமைத் தாள்களும் ஒருங்கே ஈன்ற பெரும்பேறு அந்த மறுமொழி. அடுத்த செயலமர்வின் மேடையில் அதைத் துணியில் எழுதிப் பின்புறம் தொங்கவிட்டு, அதன்கீழ் நின்று படம் எடுத்துக்கொள்ளும் தகுதி உங்களைத் தவிர வேறு யாருக்கும் இல்லை.